பல்லின் உயிரைத் தாவரங்கள் காக்குமா?

திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூரிலிருந்து மேற்கே மலைப்பாதையில் ஏறினால் ஜவ்வாது மலையின் மேலுள்ள ஜமுனாமரத்தூரை அடையலாம். சாமை விளையும் நிலங்கள், பலா மரங்கள், புளிய மரங்கள், இடையிடையே காடு. இந்தக் காடுகளிலிருந்து தேனும் கடுக்காயும் மலைவாழ் மக்களால் சேகரிக்கப்பட்டுச் சந்தைக்கு வருகின்றன. பல் துலக்கும் பொடியில் கடுக்காயைச் சேர்ப்பது நம் நாட்டில் மிகப் பழைய வழக்கம்.

இந்த மலையில் உள்ள ஒரு பள்ளி விடுதியில் பதின்மூன்று வயது மாணவன் ஒருவனுக்கு நள்ளிரவில் பல்வலி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் கிராம்பை வைக்கச் சொல்கிறார். மற்றொருவர் கடுக்காய்ப் பொடியை அடைக்கச் சொல்கிறார். இன்னொருவர், “பிடுங்கிவிட்டால் சரியாகிவிடும்” என்கிறார். இம்மூவரில் யார் சொல்வது சரி? செடி கொடிகளில் உள்ள பொருள்களால் கெட்ட பல்லைச் சீர்ப்படுத்த முடியுமா? மாணவ நண்பர்களே, இதற்கு விடை காண வேண்டுமானால், முதலில் பல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பல் வெறும் கல் அன்று

பல்லின் வெளிப்புறத்தை மூடியிருப்பது எனாமல். நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள் இதுதான். இதன் எடையில் சுமார் 96 விழுக்காடு தாது உப்புகளே. இதில் உயிருள்ள செல்கள் இல்லை. ஆகவே ஒருமுறை குழி விழுந்தால் எனாமல் தானாக வளர்ந்து அதை மூடாது.

எனாமலுக்கு அடியில் இருப்பது டென்டின். இதில் சுமார் 70 விழுக்காடு தாது உப்பு. எஞ்சியதில் பெரும்பகுதி கொல்லாஜன் என்னும் புரத நார், மீதி நீர். டென்டினைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் அது சல்லடைபோல் தோன்றும். உட்புற ஓரத்தில் ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நுண்குழாய்கள் இருக்கின்றன! ஐஸ் தண்ணீர் பட்டவுடன் பல் கூசுவது இக்குழாய்களில் உள்ள திரவம் அசைவதால்தான்.

இவை எல்லாவற்றுக்கும் நடுவில், ஒரு சிறு அறையில், மென்மையான திசு ஒன்று இருக்கிறது. அதுதான் பற்கூழ். இரத்தக் குழாய்களும் நரம்புகளும் வேர் நுனியிலுள்ள சிறு துளை வழியாக அதற்குள் நுழைகின்றன. அறையின் சுவரை ஒட்டி வரிசையாக நிற்கும் செல்களுக்கு ஓடன்டோபிளாஸ்ட் என்று பெயர். டென்டினை உண்டாக்கும் கொத்தனார்கள் இவையே. பல்லுக்கு உயிர் இருக்கிறது என்று நாம் சொல்வது பற்கூழ் உயிரோடு இருப்பதைத்தான்.

பதின்மூன்று வயதில் என்ன விசேஷம்?

நிரந்தரப் பல் ஒன்று ஈறைக் கிழித்து வெளியே வரும்போது அதன் வேர் முழுமையாக வளர்ந்திருக்காது. அது முற்றுப்பெற மேலும் சுமார் மூன்று ஆண்டுகள் ஆகும். இரண்டாவது பெரிய கடைவாய்ப் பல் ஏறக்குறைய 12 வயதில் முளைக்கிறது. அதன் வேர் 14 அல்லது 15 வயதில்தான் முடிவடையும். அதாவது, இந்தக் கட்டுரையைப் படிக்கும் உங்களில் பலருக்கு வாயில் இன்னும் கட்டி முடிக்கப்படாத பற்கள் இருக்கின்றன!

அந்த நிலையில் பற்கூழ் செத்துவிட்டால் கொத்தனார்களும் செத்துவிடுவார்கள். வேர் பாதியிலேயே நின்றுவிடும். சுவர் மெல்லியதாக, நுனி திறந்த புனல்போல இருக்கும். அத்தகைய பல் பிற்காலத்தில் எளிதில் முறிந்துவிடக்கூடும். ஆகவே, வலியைப் போக்கினால் மட்டும் போதாது. முடிந்தவரை பற்கூழை உயிரோடு காப்பாற்ற வேண்டும்.

கெடுதல் எப்படி உள்ளே போகிறது?

வாயிலுள்ள சில பாக்டீரியாக்கள், முக்கியமாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ், நாம் தின்னும் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. பல்லின் மேற்பரப்பில் பி.எச். மதிப்பு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்குகிறது. குழி டென்டினை எட்டியதும் பாக்டீரியாக்களின் நச்சுப் பொருள்கள் நுண்குழாய்கள் வழியே பற்கூழை நோக்கி நகரும்.

பற்கூழ் சும்மா இருப்பதில்லை. ஓடன்டோபிளாஸ்ட்கள் உட்புறத்தில் புதிய டென்டினை அடுக்கி, எதிரிக்கும் தமக்கும் நடுவே சுவர் எழுப்புகின்றன. ஆனால் இந்த வேலை மிக மெதுவானது. ஒரு நாளில் சில மைக்ரோமீட்டர் தடிப்பே சேரும். நாளுக்கு 2 மைக்ரோமீட்டர் என்று கொண்டால், கால் மில்லிமீட்டர் சுவருக்கு 125 நாட்கள் வேண்டும்! அதற்குள் பாக்டீரியாக்கள் முந்திக்கொண்டால் பற்கூழ் வீங்குகிறது. உடலின் மற்ற இடங்களில் வீக்கம் வெளிப்புறமாகப் புடைக்கலாம். இங்கோ சுற்றிலும் கெட்டிச் சுவர். அழுத்தம் கூடுகிறது, தாங்க முடியாத வலி உண்டாகிறது, இறுதியில் பற்கூழ் அழுகிப்போகிறது.

சுண்ணாம்பும் சிமெண்டும்

திறந்துவிட்ட பற்கூழை மூடிக் காக்கும் முயற்சி பழமையானது. 1756-ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த பிலிப் பாஃப் என்ற பல் மருத்துவர் தங்கத் தகட்டால் மூடும் முறையை எழுதிவைத்தார். ஆனால் தகடு மூடுமே தவிர, பற்கூழை வேலை செய்யத் தூண்டாது.

1920-ஆம் ஆண்டில் ஹெர்மன் என்ற ஜெர்மானியர் கால்சியம் ஹைட்ராக்சைடைப் பல் மருத்துவத்தில் புகுத்தினார். அது வேறொன்றுமில்லை; நாம் வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பின் தூய வடிவமே. இதன் காரத்தன்மை மிக அதிகம், பி.எச். சுமார் 12.5. அது பாக்டீரியாக்களைக் கொல்கிறது. பற்கூழின் மேல் படலத்தையும் சிறிது பொசுக்குகிறது. அந்தக் காயத்துக்குக் கீழே பற்கூழ் விழித்துக்கொண்டு ஒரு டென்டின் பாலத்தைக் கட்டுகிறது. குறை என்னவென்றால், இந்தப் பாலத்தில் சில வேளை சிறு சுரங்கங்கள் இருக்கும். மேலே வைத்த மருந்தும் நாளடைவில் கரையும்.

1990-களில் அமெரிக்காவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் டோராபினேஜாத் என்பவர் எம்.டி.ஏ. என்னும் பொருளை உருவாக்கினார். இதன் அடிப்படை, வீடு கட்டும் போர்ட்லண்ட் சிமெண்டின் இனமே! ஈரத்திலும் இறுகும்; நன்றாக அடைக்கும்; தடித்த பாலம் உண்டாகும். ஆனால் விலை அதிகம்; இறுகப் பல மணி நேரம் ஆகும்; சில வகைகள் பல்லின் நிறத்தைக் கருக்கச் செய்யும். இன்னும் மலிவான, இன்னும் மென்மையான பொருள் கிடைக்குமா என்ற தேடல்தான் விஞ்ஞானிகளைத் தாவரங்களின் பக்கம் திருப்பியது.

நான்கு தேர்வுகள்

பற்கூழைச் சீர்ப்படுத்த வரும் எந்தப் பொருளும் நான்கு தேர்வுகளில் வெற்றிபெற வேண்டும். ஒன்று, கிருமிகளை அடக்க வேண்டும். இரண்டு, பற்கூழின் செல்களைக் கொல்லக்கூடாது. மூன்று, செல்களை டென்டின் கட்டும்படி தூண்ட வேண்டும். நான்கு, உமிழ்நீரும் கிருமியும் மறுபடி புகாமல் இறுக அடைக்க வேண்டும். இனி, தாவரப் பொருள்களை ஒவ்வொன்றாகத் தேர்வு மண்டபத்துக்கு அழைப்போம்.

கிராம்பு

கன்னியாகுமரி மாவட்ட மலைகளில் விளையும் கிராம்புக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிராம்பு எண்ணெயின் பெரும்பகுதி யூஜினால். இது நரம்பின் உணர்ச்சியைச் சிறிது மரத்துப்போகச் செய்யும், கிருமிகளையும் தாக்கும். துத்தநாக ஆக்சைடுடன் சேர்த்தால் குழைந்து இறுகும். பல் மருத்துவர்கள் இதைத் தற்காலிக அடைப்பாக நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் திறந்த பற்கூழின் மேல் நேராகப் பட்டால் யூஜினால் செல்களுக்கு நஞ்சாகிறது, பாலமும் உண்டாவதில்லை. முதல் தேர்வில் வெற்றி, இரண்டாவதிலும் மூன்றாவதிலும் தோல்வி! வலி அடங்கிவிட்டதால் நோய் தீர்ந்துவிட்டது என்று எண்ணுவது எவ்வளவு தவறு என்பது இதிலிருந்து விளங்குகிறது அல்லவா?

கடுக்காய்

இப்போது ஜவ்வாது மலையின் கடுக்காய்க்கு வருவோம். கடுக்காயைக் கடித்தால் நாக்கு ஏன் சுருங்குகிறது? அதிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள்கள் உமிழ்நீரின் புரதங்களைப் பிடித்துக் கட்டுவதால்தான். உலர்ந்த கடுக்காயில் சுமார் மூன்றில் ஒரு பங்கு டானின்களே.

இந்தக் குணத்தைத் தோல் பதனிடுவோர் வெகு காலமாக அறிவார்கள். ஜவ்வாது மலைக்கு வடக்கே சமவெளியில் வாணியம்பாடி, ஆம்பூர் ஊர்கள் இருக்கின்றன. அங்குள்ள பதனிடும் தொழிலில் இன்று பெரும்பாலும் குரோமியம் உப்புகள் பயன்பட்டாலும், முன்னாளில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் முக்கிய இடம் பெற்றிருந்தன. டானின், தோலின் கொல்லாஜன் நார்களை ஒன்றோடொன்று பிணைத்து, அழுகாத தோலாக மாற்றுகிறது. டென்டினிலும் அதே கொல்லாஜன்தான்! கொல்லாஜன் மூன்று இழைகளை முறுக்கிய கயிறுபோன்றது என்று 1954-55-இல் உலகுக்குக் காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் என்பதை இங்கே பெருமையோடு நினைவுகூரலாம்.

2010-ஆம் ஆண்டில் சென்னையைச் சேர்ந்த பல் மருத்துவ ஆய்வாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். பிடுங்கிய பற்களின் மேல் எண்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்னும் பிடிவாதமான பாக்டீரியாவைப் படலமாக வளர்த்தார்கள். பிறகு திரிபலா, பச்சைத் தேயிலையின் பாலிபீனால்கள், சோடியம் ஹைப்போகுளோரைட் முதலியவற்றால் அப்படலத்தைத் தாக்கினார்கள். திரிபலா என்பது கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் ஆகிய மூன்றின் கூட்டு. அது பாக்டீரியாக்களைக் கணிசமாக அடக்கியது. ஆயினும் முதலிடம் பெற்றது ஹைப்போகுளோரைட்டே.

தோற்றுப்போன பொருளை ஏன் ஆராய வேண்டும் என்று கேட்பீர்கள். ஹைப்போகுளோரைட், துணி வெளுக்கும் திரவத்தின் இனம். அடர்த்தி கூடினால் உயிருள்ள திசுவையும் அரித்துவிடும். கடுக்காய் அவ்வளவு கடுமையானதன்று. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. இறந்த தோலைக் கெடாமல் காப்பது வேறு; உயிருள்ள பற்கூழை வளரச் செய்வது வேறு. புரதத்தைக் கட்டும் டானின், அளவு மீறினால் செல்களையும் கட்டிவிடும். தவிர, மேற்சொன்ன சோதனை பிடுங்கிய பற்களில் நடந்தது. உயிருள்ள பற்கூழில் அன்று. ஆகவே கடுக்காய்க்கு முதல் தேர்வில் நல்ல மதிப்பெண். மற்றத் தேர்வுகள் பாக்கி.

தேனீ சேர்க்கும் பிசின்

தேனீக்கள் மரமொட்டுகளிலும் பட்டையிலும் கசியும் பிசினைச் சேகரித்து, மெழுகோடு கலந்து கூட்டின் விரிசல்களை அடைக்கின்றன. இதற்குப் புரோபோலிஸ் என்று பெயர். நம் ஊர்ச் சுவர் இடுக்குகளில் வாழும் கொசுத்தேனீயும் இவ்வாறு பிசின் திரட்டும். 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், எலிகளின் திறந்த பற்கூழைப் புரோபோலிஸின் பிளேவனாய்டுகளால் மூடியபோது, வீக்கம் தாமதமானதும் சீரமைப்பு டென்டின் உருவானதும் காணப்பட்டன.

2010-இல் கர்நாடகத்தின் மணிப்பால் பல் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் மனிதப் பற்களிலேயே இதைப் பார்த்தார்கள். பல் வரிசையைச் சீர்செய்வதற்காக எப்படியும் பிடுங்கவேண்டியிருந்த பற்களை, அவர்கள் இதற்குத் தேர்ந்துகொண்டார்கள். சிலவற்றைப் புரோபோலிஸாலும், சிலவற்றை எம்.டி.ஏ.வாலும், சிலவற்றைக் கால்சியம் ஹைட்ராக்சைடு வகை மருந்தாலும் மூடி, 15 நாட்களும் 45 நாட்களும் கழித்துப் பிடுங்கி நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்கள். புரோபோலிஸ் மற்ற இரண்டுக்கும் ஈடாக நின்றது. கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்த பற்களைவிட வீக்கம் குறைவாகவே இருந்தது. நல்ல செய்திதான். ஆனால் புரோபோலிஸ் சிலருக்கு ஒவ்வாமை தரும். மேலும் காட்டுக்குக் காடு மரங்கள் மாறுவதால், பிசினின் சேர்க்கையும் மாறும்.

சோற்றுக் கற்றாழை

சோற்றுக் கற்றாழையின் கூழில் அசிமன்னான் என்னும் நீண்ட சர்க்கரைத் தொடர் இருக்கிறது. தாய்லாந்தின் சூலாலங்கான் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இதைத் தனியே பிரித்தெடுத்து, பற்கூழ்ச் செல்களோடு வளர்த்தார்கள். செல்கள் பெருகின, தாதுவைச் சேர்க்கத் தொடங்கின. எலிகளின் பற்களில் டென்டின் பாலமும் உருவானது. 2010-இல் இம்முடிவு வெளிவந்தது. பின்னர் குழந்தைகளின் ஆழ்ந்த சொத்தையுள்ள பால் பற்களில் சோதித்தபோது, ஆறு மாத அளவில் அசிமன்னான் கால்சியம் ஹைட்ராக்சைடுக்கு ஏறக்குறைய சமமாக நின்றது.

இங்கே கவனிக்க வேண்டியது, தோட்டத்துக் கற்றாழையை அறுத்து யாரும் பல்லில் வைக்கவில்லை என்பதே. எந்தப் பொருள் வேலை செய்கிறது என்று கண்டு, அதைத் தூய்மைப்படுத்தி, கிருமி நீக்கி, அளந்து வைத்தார்கள். அசிமன்னான் மூன்றாவது தேர்வில் தேறியது. நான்காவது தேர்வில், அதாவது இறுக அடைப்பதில், அதனால் தனித்து நிற்க முடியாது. மேலே வேறு சிமெண்ட் வைத்தே ஆக வேண்டும்.

பற்கூழ் போய்விட்டால்?

பற்கூழ் முழுதும் அழுகிவிட்டால் வேர்க்குழாயைச் சுத்தம் செய்து அடைப்பது வழக்கம். அந்த அடைப்புப் பொருளும் ஒரு மரத்தின் கொடையே! அதுதான் கட்டாபர்ச்சா. மலேயாக் காடுகளில் வளரும் பலாக்வியம் என்ற மரத்தின் பால் இது. நம் இலுப்பையும் சப்போட்டாவும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. 1843-இல் இது லண்டனுக்கு அறிமுகமானது. கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையானது. 1867-இல் அமெரிக்கப் பல் மருத்துவர் பௌமன் வேர்க்குழாயை இதனால் நிரப்பினார். ரப்பரும் கட்டாபர்ச்சாவும் ஐசோப்ரீன் என்ற ஒரே மூலக்கூறின் தொடர்கள்தாம். தொடரின் வளைவு மட்டும் வேறு. அதனால் ரப்பர் இழுபடுகிறது. கட்டாபர்ச்சா கெட்டியாக நின்று, சூட்டில் மட்டும் இளகுகிறது.

ஆனால் கட்டாபர்ச்சா அடைக்குமே அன்றி உயிரைத் திருப்பித் தராது. 2000-ஆம் ஆண்டில் பற்கூழில் குருத்துச் செல்கள் இருப்பது கண்டறியப்பட்டது. 2003-இல் விழுந்த பால் பல்லிலும் அவை இருப்பது தெரிந்தது. இவற்றைக் கொண்டு புதிய பற்கூழை வளர்க்க முடியுமா? அவரைக்கொடிக்குப் பந்தல் வேண்டியிருப்பதுபோல் செல்கள் பற்றி வளர ஒரு சாரம் வேண்டும். இங்கும் தாவர உலகம் கை கொடுக்கிறது. மண்டபம் கடற்கரையில் கிடைக்கும் பழுப்புக் கடற்பாசிகளில் ஆல்ஜினேட் என்னும் பொருள் உண்டு. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் ஆய்வாளர்கள் 2002-இல் ஆல்ஜினேட் கூழில் வளர்ச்சிக் காரணி ஒன்றைச் சேர்த்து, மனிதப் பல்லின் துண்டுகளில் வைத்து, டென்டின் சுரப்பதைக் கண்டார்கள். 2014-இல் கனடாவின் ஒட்டாவாப் பல்கலைக்கழகத்தில் ஆப்பிள் துண்டைச் சோப்புப் போன்ற திரவத்தால் கழுவி, செல்களை நீக்கி, மிஞ்சிய செல்லுலோஸ் கூட்டில் பாலூட்டிகளின் செல்களை வளர்த்தார்கள். இந்த வழியில் இன்னும் நெடுந்தூரம் போகவேண்டியிருக்கிறது.

செய்து பாருங்கள்

ஒரு கோழிமுட்டையின் வெள்ளைக்கருவைச் சிறிது நீரில் கலந்து வடிகட்டுங்கள். தெளிந்த திரவத்தில், ஆறிய கடுக்காய்க் கஷாயத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். திரவம் கலங்கித் திரிவதைக் காண்பீர்கள். டானின் புரதத்தைக் கட்டுகிறது! மற்றொரு கிண்ணத்தில் கடுக்காய்க் கஷாயத்தோடு துருப்பிடித்த ஆணியைப் போட்டு ஒருநாள் வையுங்கள். கஷாயம் மைபோல் கறுத்துவிடும். பல்லில் வைக்கும் மருந்துக்கு நிறமும் ஒரு சிக்கல் என்பது இதிலிருந்து புரியும்.

அந்த மாணவன் என்ன செய்ய வேண்டும்?

விடுதி மாணவனிடம் திரும்புவோம். குளிர்ந்த நீர் பட்டதும் சுருக்கென்று கூசி உடனே அடங்கினால் பற்கூழ் பெரும்பாலும் மீளக்கூடிய நிலையில் இருக்கிறது. காரணமின்றி இரவில் வலித்து, நெடுநேரம் நீடித்தால் ஆபத்து முற்றிவிட்டது என்று பொருள். ஆகவே கூச்சம் தொடங்கும் நாளிலேயே ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் வாயைத் திறந்து காட்ட வேண்டும். அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்குப் போக வேண்டும். மலையிலிருந்து இறங்கிப் போவது ஒரு நாள் வேலை என்று தள்ளிப்போட்டால், இழப்பது வேர் முற்றாத ஒரு பல்லின் எதிர்காலத்தை!

கடுக்காய்ப் பொடியையோ எருக்கம் பாலையோ குழிக்குள் அடைக்கவே கூடாது. எருக்கம் பால் ஈறையும் கன்னத்தையும் புண்ணாக்கும். கிராம்பு வலியைச் சற்று நேரம் அடக்கலாம். அது மருத்துவரிடம் போகும்வரை மட்டுமே.

நான்கு தேர்வுகளிலும் தனியாகத் தேறிய தாவரப் பொருள் இன்றுவரை ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறது. ஜவ்வாது மலைக் கடுக்காயில் எந்தப் பொருள், எந்த அளவில், உயிருள்ள பற்கூழுக்கு நன்மை செய்யும்? ஒரு மரத்துக் காய்க்கும் மறு மரத்துக் காய்க்கும் எவ்வளவு வேறுபாடு? இக்கேள்விகளுக்கு விடை காண வேதியியலும் உயிரியலும் பல் மருத்துவமும் ஒன்று சேர வேண்டும். அந்த மரங்களின் நிழலில் படிக்கும் மாணவர்களே, அவ்விடையைத் தேடுவோர் வரிசையில் நீங்களும் இருக்கலாம். அதுவரை, இரவு உணவுக்குப் பின் பல் துலக்க மறவாதீர்கள்!